ஆயர் ஹீலி நம்மவரா?

தலித் ஆயர்கள் வேண்டும் என்ற நம் கோரிக்கையைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பி அமெரிக்காவைக் காட்டுவார்: “அங்கே 1875லேயே கறுப்பின ஆயர் வந்துவிட்டாரே!” ஜேம்ஸ் அகஸ்டின் ஹீலியைச் சொல்கிறார். அவரைக் கொஞ்சம் முழுசாகத் தெரிந்துகொள்வோம்.

1830இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி. அம்மா மேரி எலைசா, அவருடைய அடிமை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அதுதான் சட்டம். பெற்ற தகப்பனுக்கே மகன் சொத்து! அங்கே அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் குற்றம் என்பதால் பிள்ளைகளை வடக்கே அனுப்பிப் படிக்கவைத்தார். 1854இல் பாரிஸில் குருப்பட்டம். 1875இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்கு ஆயர். 25 ஆண்டுகளில் 60 கோயில்கள், 18 பள்ளிகள். திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர் வாழ்ந்தது ஐரிஷ்காரராக. நிறம் அதற்கு இடம் கொடுத்தது. தம்பி ஷெர்வுட்டுக்கு அந்த வசதி இல்லை. ரோமில் ஒரு குருமடத்துக்கு அதிபராக அவர் பெயர் பேசப்பட்டபோது முகத்தில் தெரிந்த ஆப்பிரிக்கச் சாயலே தடையானது. வீட்டுக்குள்ளேயே இதைப் பார்த்தவர் ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரிகிறது. “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று துருவும் விடுதி அறையில் சாதியைச் சொல்லாமல் இருக்கும் தம்பி தங்கைகளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

என்னால் தாண்ட முடியாதது வேறு. 1850இல் அப்பா இறந்தபோது விட்டுப்போன சொத்தில் அடிமைகளும் இருந்தார்கள். அந்தச் சொத்தின் பணம் பிள்ளைகளுக்குத்தான் வந்தது. பிறகு, 1889இல் டேனியல் ரட் கறுப்பினக் கத்தோலிக்கர் மாநாட்டைத் தொடங்கினார். ஹீலிக்கும் அழைப்பு போனது. அவர் போகவில்லை. அப்போது அவர் விடுதி அறையில் பயந்திருந்த பையன் இல்லை, 14 ஆண்டுகளாக ஆயர்.

அந்த முதல் மாநாட்டில் திருப்பலி நிறைவேற்றியவர் அகஸ்டஸ் டோல்ட்டன். ஹீலி குருவான அதே 1854இல் மிசூரியில் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்காவில் ஒரு குருமடமும் சேர்க்காததால் ரோமுக்குப் போய் 1886இல் குருவானார். திரும்பி வந்த இடத்தில் வெள்ளைக் குரு ஒருவரே அவரைத் துரத்தப் பார்த்தார். சிகாகோவில் ஏழைக் கறுப்பின மக்களோடு இருந்து, 1897இல் கடும் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 43. ஆயராகவில்லை.

நம் கோரிக்கையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்த நாற்காலி நமக்கும் உரியது. அதில் உட்காருகிறவரை நாம் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவாரா என்பதையும் சேர்த்தே கேட்போம். பிப்ரவரியில் ஹீலி படத்தைப் பகிர்கிற தோழர்கள் டோல்ட்டன் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.