சீரியலும் இன்டர்நெட்டும் ஒரே குழாயில்

பிரெஞ்சில் 'தெபி' என்று ஒரு சொல் உண்டு. கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு அது 'பற்று'. ஆற்றைப் பற்றிப் பேசினால் ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற அளவு. 'தெபி த தபா' என்றால் சிகரெட், புகையிலை விற்கும் கடை. இப்போது பிரான்சில் யார் வீட்டுக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழுவது இன்டர்நெட் வேகத்துக்காகத்தான். எங்களுக்குப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்த அர்த்தத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

2017 கோடைக்கு நானும் மனைவியும் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அந்தப் பக்கம் புதுச்சேரிக்காரர்கள் நிறைய. மளிகைக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும், தொலைக்காட்சியில் தனிக் கட்டணம் கட்டினால் தமிழ்ச் சேனல்கள் கிடைக்கும். ஆனால் அந்தச் சேனல்கள் ஆன்டெனாவிலோ கேபிளிலோ வரவில்லை. பழைய தொலைபேசிக் கம்பி இருக்கிறதே, அந்தத் தாமிரக் கம்பி வழியாக 'பொக்ஸ்' என்கிற ஒரு பெட்டிக்கு வருகின்றன. தொலைபேசி, இன்டர்நெட், டிவி மூன்றும் அந்த ஒரே கம்பியில்தான். பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க். வேண்டிய நிகழ்ச்சியை அதில் பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம்.

என் மனைவிக்கு இது பெரிய வசதி. கோடையில் பிரான்சுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம்மூரில் இரவு எட்டு மணிக்கு வரும் சீரியல் அங்கே மாலை நாலரைக்கு வந்துவிடும். நாலரைக்குத்தான் சின்னப் பேரனுக்குப் பள்ளிக்கூடம் விடும். அவனை அழைத்துவரப் போகிறவள் இவள். ஆகவே எட்டு மணி சீரியல், எட்டரை மணி சீரியல் இரண்டையும் திங்கள் முதல் சனி வரை தானாகப் பதிவாகும்படி மாப்பிள்ளை அமைத்துக் கொடுத்துவிட்டார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவள் நிதானமாகப் பார்ப்பாள்.

மாலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு வேலை. புதுச்சேரியில் தனியாக இருக்கும் என் அக்காவோடு வீடியோவில் பேசுவது. அங்கே அப்போது இரவு எட்டரை. அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. ஒருநாள் கூட ஒழுங்காகப் பேச முடியவில்லை. அக்காவின் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாக வரும். நான் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டிருப்பேன். மூன்றாவது வாரத்தில் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "நான் பேசறதைக் கேக்க அவனுக்குப் பொறுமை இல்ல போல. இனிமே தொந்தரவு பண்ண வேணாம்" என்று சொன்னதாகத் தகவல் வந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டில் பழி விழுந்தது பெரிய பேரன் மேல். பதிமூன்று வயது. பள்ளி விட்டு வந்ததும் டேப்லெட்டில் வீடியோ பார்ப்பவன். மகள் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவன் "தாத்தா, நான் இல்லை" என்று கண் கலங்கச் சொன்னான்.

நான் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன். ஒரு நோட்டு வாங்கி, தேதி, நேரம், யார் வீட்டில், அழைப்பு எப்படி என்று நாலு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை பெரியவன் கால்பந்து ஆடப் போய்விடுவான், டேப்லெட்டோ பூட்டிய அலமாரியில். அன்றும் தடங்கல். ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க ஆள், ஆளுக்கொரு போன். அன்று அழைப்பு சுத்தம்.

இரண்டாவது விஷயம் அக்கா வாயாலேயே வந்தது. "நீங்க எல்லாம் எனக்கு நல்லாத்தானே தெரியறீங்க? உன் சட்டை பொத்தான் கூடத் தெரியுது. ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறே?" என்றார். எங்கள் ஆபீசில் தபால் வரவுக்கு ஒரு பதிவேடு, அனுப்புகைக்கு ஒரு பதிவேடு இருக்கும். இங்கே அனுப்புகை ஒழுங்காகப் போகிறது, வரவு மட்டும் தேங்குகிறது. ஏதோ ஒன்று வருகிற வழியை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே போகிற வழியைத் தொடவில்லை.

நோட்டை மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது ரெக்கார்டிங்தான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்து மணிக்கு டிவியில் திரை கறுப்பாக அல்லவா இருக்கிறது? அவர் லேப்டாப்பில் அளந்து காட்டினார். பதிவு ஓடும்போது 0.8 மெகாபிட். பதிவை நிறுத்தியதும் 4.6.

காரணம் இதுதான். அவர்கள் வீடு தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம். தாமிரக் கம்பி நீள நீள அதில் ஓடும் வேகம் குறையும். அவர்களுக்குக் கிடைத்தது விநாடிக்கு ஐந்து மெகாபிட் அளவு. ஒரு சாதாரணச் சேனலுக்கு மூன்றரை, நான்கு மெகாபிட் வேண்டும். டிவி திரை அணைந்திருந்தாலும் பெட்டி பதிவு செய்கிறது என்றால் அந்தச் சேனல் கம்பியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதோடு, படம் சதுரம் சதுரமாக உடையக் கூடாது என்பதற்காக டிவிக்கு முன்னுரிமை கொடுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் டிவி எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் மற்றவர்களுக்கு. அந்த மிச்சத்தில் வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் பங்கு போட்டால் அக்காவுக்கு என்ன இருக்கும்?

இரவில் இவள் அதைப் போட்டுப் பார்க்கும்போதும் அளந்தோம். வேகம் குறையவே இல்லை. அப்போது படம் வருவது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து, வீட்டுக்குள்ளேயே. வெளிக் கம்பிக்கு வேலையே இல்லை. பிரெஞ்சுச் சேனல்களை அதே பெட்டியில் ஆன்டெனா வழியாகப் பதிவு செய்தாலும் இன்டர்நெட் குறைவதில்லை. தமிழ்ச் சேனலுக்கு அந்த வழி கிடையாது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நான்கு மெகாபிட் என்றால் விநாடிக்கு அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 1800 மெகாபைட். இரண்டு சீரியல் மாமியார்களும் சேர்ந்து தினம் கிட்டத்தட்ட 1.8 ஜிகாபைட்!

பதிவுக் கருவிக்கும் பிரான்சுக்கும் பழைய தகராறு உண்டு. 1982 அக்டோபரில், ஜப்பானிலிருந்து வீடியோ ரெக்கார்டர்கள் வந்து குவிவதைத் தடுக்க, இறக்குமதியாகும் அத்தனையும் பொவாத்தியே என்ற உள்நாட்டு ஊரின் சின்னச் சுங்கச் சாவடி வழியாகத்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 732-இல் சார்ல் மார்த்தெல் அரபுப் படையைத் தடுத்த ஊர் என்று சரித்திரப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே ஊர்தான். இவ்வளவு போதாதென்று வீடியோ ரெக்கார்டர் வைத்திருப்பவருக்கு வரியும் போட்டார்கள்.

எங்கள் வீட்டுத் தகராறுக்கு வருகிறேன். டேப்லெட் பேரனிடம் திரும்பிப் போனது. மகள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை நான் பாராட்டுகிறேன், நம் காலத்தில் எந்த அம்மா கேட்டாள்? சீரியலை விடச் சொல்லி மனைவியிடம் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் நானே அக்காவிடம் விஷயத்தை விளக்கினேன். அக்கா சிரித்துவிட்டு, "எட்டரை மணி சீரியலா? நானும் அதைத்தானே பார்ப்பேன். நீ கூப்பிடறேன்னு மூணு வாரமா விட்டுட்டு உக்காந்திருக்கேன் தம்பி" என்றார்.

மறுநாளிலிருந்து அழைப்பு மாலை ஐந்தே முக்காலுக்கு மாறியது. அங்கே ஒன்பதே கால். அக்கா சீரியல் பார்த்து முடித்துவிட்டு வருவார், இங்கேயும் பதிவு முடிந்திருக்கும். முகம் உறையவில்லை, குரல் உடையவில்லை. வந்த புதுச் சிக்கல் ஒன்றுதான். இரவு இவள் பார்க்க வேண்டிய கதையை அக்கா மாலையிலேயே மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். இவள் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவாள்.

மகள் வீட்டுக்கு இப்போது ஃபைபர் வந்துவிட்டது. எத்தனை சேனல் பதிவு செய்தாலும் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாக்கி இருக்கும் பிரச்சினை, டிஸ்க் நிரம்பிவிட்டது. 2017-இல் பதிவு செய்த நாற்பத்தாறு எபிசோடுகளை அழிக்கலாமா என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். கூடாதாம், கடைசி வாரத்தை இவள் இன்னும் பார்க்கவில்லையாம்.