மாமாவின்ர ஜீ.பீ.எஸ்ஸும் நாலு வயரும்

எங்கட கடலைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எல்லை, இழுவைப் படகு, கைது எண்டுதான் கதை போகும். நான் இதில கதைக்கப்போறது நாலு வயரைப் பற்றி.

மாமா மயிலிட்டி ஆள். 1990 இல் இடம்பெயர்ந்து, 2017 இல் துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்ட பிறகுதான் திரும்பவும் அங்கயிருந்து தொழிலுக்குப் போறார். முந்தி கடலுக்கடியில பார் இருக்கிற இடத்தைப் பிடிக்க, கரையில ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் நேருக்கு நேர் வைச்சுப் பாப்பினமாம். இருபத்தேழு வருசத்தில அந்தப் பனையும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. அதால அவர் புதுசாத் தேடிக் கண்டுபிடிச்ச இடமெல்லாம் படகில பூட்டின ஒரு ஜீ.பீ.எஸ் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வலை விடுற இடம், வலை கொழுவுற பார், எல்லாத்துக்கும் அவரே வைச்ச பேர்கள். இப்ப அந்தப் பெட்டியின்ர திரை மங்கிக்கொண்டு வருது.

"பிள்ளை, இதில கிடக்கிறதை உன்ர லப்டொப்பில ஏத்தேலுமோ?"

நான் கலைப்பீடத்தில புவியியல் படிக்கிறன். வயர் விசயம் எனக்குத் தூரம். பொறியியல் படிக்கிற சிநேகிதி ஒருத்தியிட்டக் கேட்டுத்தான் இறங்கினன். அவள் சொன்னதைச் சுருக்கித் தாறன், உங்கட வீட்டிலயும் உதவலாம்.

இப்பிடியான பழைய பெட்டிகள் பெரும்பாலும் என்.எம்.ஈ.ஏ 0183 எண்ட முறையில, செக்கனுக்கு 4800 பிட் வேகத்தில கதைக்கும். பின்னால வாற வயரில ரெண்டு மின்சாரத்துக்கு, மற்றது தரவு அனுப்பவும் வாங்கவும். நிறத்தை நம்பக்கூடாது, கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பெட்டியின்ர கைநூலைப் பாத்து, மல்ரிமீற்றரால அளந்த பிறகுதான் தொடவேணும். 12 வோல்ற் வயர் மாறித் தரவு வழியில பட்டால் பெட்டியோ லப்டொப்போ, ஏதோ ஒண்டு போகும்.

லப்டொப்பில யூ.எஸ்.பிதான் இருக்கு. அதால இடையில ஒரு மாற்றி வேணும். அதிலயும் மின்தனிமைப்படுத்தின மாற்றிதான் நல்லம். அதுக்குள்ள ரெண்டு பக்கத்து மின்சாரமும் ஒண்டையொண்டு தொடாது, செய்தி மட்டும் தாண்டும். அப்பிடி இல்லாட்டி, சார்ஜரில கொழுவின லப்டொப்பின்ர நிலத்தொடுப்பும் படகு பற்றரியின்ர மறை முனையும் சேர்ந்து, மெல்லிய தரவு வயருக்குள்ளால மின்சாரம் ஓடப் பாக்கும். அதனால சார்ஜரைக் கழட்டி, லப்டொப்பை அதின்ர பற்றரியிலயே விட்டம். எஞ்சின் நிப்பாட்டி, பெட்டியை அணைச்சு, உப்புப் பிடிச்ச முனையைத் துடைச்சுக் காயவிட்டுத்தான் கொழுவினம். அனுப்புற வழியை மட்டும் பூட்டினம். வாங்கிற வழியைப் பூட்டேல்லை. அப்ப லப்டொப்பால பெட்டிக்குள்ள எதையும் எழுதவோ அழிக்கவோ ஏலாது.

ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு வரியா வந்து விழுந்துது. இனித்தான் என்ர பாடம். 0949.500 எண்டு வந்தால் அது 9 பாகை 49.5 கலை, அதாவது 9.825 பாகை. அதை 9.495 எண்டு வாசிச்சால் கிட்டத்தட்ட 36 கிலோமீற்றர் தெற்கால போயிடும். ஒடுங்கின பாக்கு நீரிணையில, 1974 இல் கீறின எல்லைக்குப் பக்கத்தில தொழில் செய்யிற ஆளுக்கு அது சின்னப் பிழை இல்லை. மாமா பேர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில சரிபாத்தம்.

பிறகு மாமா ஒண்டு கேட்டார்: "இதை வேற ஆர் பாப்பினம்?"

பாதுகாப்பு எண்டால் மின்சாரம் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்த எனக்கு இது புதுசு. ஒரு தொழிலாளியின்ர பார் எங்க இருக்கு எண்டது அவர் ஊருக்கே சொல்லாத விசயம். முந்தி அது மகனுக்கும் மருமகனுக்கும் படகில வைச்சுத்தான் கைமாறும். இணையத்தில ஏத்தினால் ஆருக்கும் போகும். அதனால ரெண்டு பென்ரைவில மட்டும் பதிஞ்சம். ஒண்டு மாமியின்ர அலுமாரியில, மற்றது மச்சானிட்ட. லப்டொப்பில இருந்ததை மாமாவுக்கு முன்னாலயே அழிச்சன்.

உங்கட வீட்டிலயும் அப்பிடியொரு பெட்டி இருந்தால், திரை முழுசா இருளுறதுக்கு முன்னம் கேளுங்கோ. கேக்கேக்க வயரைப் பற்றி மட்டும் கேக்காமல், ஒவ்வொரு புள்ளிக்கும் ஏன் அந்தப் பேர் எண்டும் கேளுங்கோ. அதை எந்தக் கேபிளாலயும் எடுக்க ஏலாது.