விடுதியின் உணவுச் செயலர்

கல்லூரி என்றவுடன் வகுப்பறையும் நூல்நிலையமும் விளையாட்டுத் திடலுமே பலர் நினைவுக்கு வருவன. இம்மூன்றனுள்ளும் அடங்காத கல்விக்கூடம் ஒன்று அங்கு உண்டு. அது மாணவர் விடுதியின் சமையற்கூடம். அங்குக் கற்பிக்கும் ஆசிரியர் இலர். எழுதும் தேர்வும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் மாணாக்கர் சிலர் அங்கே பயின்று வெளியேறுகின்றனர். உணவுச் செயலர் என்றும் உணவுக் குழுவினர் என்றும் அவர்கள் அழைக்கப்பெறுவர். உடன் பயில்வோர் அவர்களை நன்கு அறிந்தவர்போலத் தோன்றுவர், உண்மையில் அறியார். சோறு குழைந்த அன்று செயலரின் பெயரை எல்லாரும் சொல்வர். சோறு பதமாய் இருந்த அன்று அப்பெயரை நினைப்பார் இலர்.

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் உணவுச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை நெடுங்காலமாக உள்ளது. மாணாக்கர் அதனை ‘டிவைடிங் சிஸ்டம்’ என்பர். பங்கீட்டு முறை எனலாம். ஒரு திங்களில் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், பால், எரிவாயு முதலியவற்றுக்கு ஆன செலவையெல்லாம் கூட்டுவர். அத்திங்களில் ஒவ்வொருவரும் உண்ட நாள்களையும் கூட்டுவர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு கிடைக்கும். 180 பேர் உள்ள விடுதியில் அனைவரும் முப்பது நாளும் உண்டால் அந்நாள்கள் 5,400 ஆகும். செலவு 6,48,000 ரூபாய் எனின் நாளொன்றுக்கு 120 ரூபாய். இடையில் நின்று இலாபம் கொள்வார் எவரும் இலர். இஃது இம்முறையின் சிறப்பு. ஆனால் நட்டத்தைத் தாங்கவும் வேறெவரும் இலர். சொல்லாமல் ஊருக்குப் போனவனுக்காக வடித்த சோறு வீணானால் அதன் விலையை இருப்பவர்களே கொடுக்கின்றனர். பதிவேட்டில் எழுதாமல் ஒரு விருந்தினர் உண்டால் அவருக்கு விருந்திட்டவர் அழைத்து வந்தவரல்லர். விடுதியில் உள்ள அத்தனை பேருமே.

தமக்கு வேண்டுவதைத் தாமே கூடி நடத்திக்கொள்ளும் இவ்வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு நெசவாளர் முதலிய எளியோர் கூடிச் சிறு கடை ஒன்றைத் தொடங்கினர். சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை 1904இல் தோன்றியது. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணாக்கர் 1972இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று காப்பிக் கடைகளை மாணாக்கரைக் கொண்டே நடத்தி வருகின்றது. காப்பியாயினும் சாம்பாராயினும், பிறர் பணத்தைக் கையில் வாங்கியவன் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நிலை ஒன்றே.

சென்னைக் கல்லூரி ஒன்றின் விடுதியில், 2019ஆம் ஆண்டு, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை மானாவாரி நிலத்தில் மணிலாக்கொட்டை பயிரிடுபவர். உணவுக் கட்டணச் சீட்டு வரும் நாளில் அவன் அதனை உடனே பிரித்துப் பாரான். அறைக்குச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, பின்னரே பார்ப்பான். பத்து ரூபாய் கூடினாலும் அதனை ஊருக்கு எழுத வேண்டியவன் அவன்.

அவ்வாண்டு உணவுச் செயலராக இருந்தவர் மூன்றாமாண்டு மாணாக்கர். செயலரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஆரவாரம் மிகுதி. திருக்குறளில் தெரிந்து தெளிதல் முன்னும் தெரிந்து வினையாடல் பின்னுமாக இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணாக்கரும், நன்றாகப் பந்தாடுபவன் யார், நயமாகப் பாடுபவன் யார் என்று பார்த்தே கை தூக்குவர். இவர் பந்தும் ஆடார், பாட்டும் பாடார். வேறு எவரும் முன்வராமையால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்.

அவ்வாண்டு வெங்காயம் பெருந்துன்பம் தந்தது. மகாராட்டிரத்தில் மழை காலந்தவறியும் மிகுந்தும் பெய்தமையால் வயலில் நின்ற பயிர் அழிந்தது. செப்டம்பர் 29ஆம் நாள் நடுவணரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆயினும் விலை இறங்கவில்லை. டிசம்பரில் சென்னையில் ஒரு கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. எகிப்து நாட்டு வெங்காயம் கப்பலேறி வந்து தமிழ்நாட்டுச் சந்தைகளில் இறங்கியது. அளவிற் பெரிய அவ்வெங்காயத்தை மக்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தனரேயன்றி விரும்பி வாங்கினாரல்லர்.

விலை மேலும் ஏறும் என்று அஞ்சிய செயலர் நவம்பர் இறுதியில், கிலோ அறுபது ரூபாய் விலையில் ஐம்பது கிலோ மூட்டைகள் நான்கினை வாங்கிக் களஞ்சிய அறையில் அடுக்கினார். அவற்றுள் ஒன்று ஈரச்சுவரை ஒட்டிக் கிடந்தது. மழை பெய்தது. நாற்றம் வந்த பின்னரே மூட்டையை அவிழ்த்துப் பார்த்தனர். உள்ளே ஒன்றும் உதவவில்லை. அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் செயலர் தம் கையால் எழுதினார்: “என் கவனக்குறைவால் ஒரு மூட்டை வெங்காயம் அழுகிவிட்டது. இழப்பு 3,000 ரூபாய். தலைக்கு ஏறத்தாழ 17 ரூபாய் கூடும்.”

விடுதி கொதித்தது. “அவரே கட்டட்டும்” என்றனர் சிலர். முதலாண்டு மாணவனும் அவ்வாறே குரல் கொடுத்தான். பதினேழு ரூபாய் அவனுக்குச் சிறிதன்று. கூட்டத்தில் கை எண்ணியபோது, பொதுச் செலவில் சேர்க்கலாம் என்றோர் ஆறேழு பேர் மிகுதியாயினர். செயலர் இரு சாரார்க்கும் விடை கூறாது, எண்ணிக்கையை ஏட்டில் எழுதிக்கொண்டு எழுந்து சென்றார்.

அதன்பின் சமையலில் வெங்காயம் குறைந்தது. நாள்தோறும் பதினைந்து கிலோ போட்ட இடத்தில் ஐந்து கிலோவே போடப்பெற்றது. பூசணிக்காய்ச் சாம்பார், மோர்க்குழம்பு, எலுமிச்சைச் சோறு என வெங்காயம் வேண்டாதன அடிக்கடி வந்தன. காலையில் வெங்காயச் சட்டினிக்கு மாறாக வேர்க்கடலைச் சட்டினி. இவ்வளவும் தலைமைச் சமையற்காரர் சொன்ன வழி. ஆனால் உண்போர் அதனை யார் சொன்ன வழி என்று கேட்பரா? உணவுக்கூட வாயிலில் குறை எழுதும் ஏடு ஒன்று தொங்கும். அதில் ஒரு நாள் முதலாண்டு மாணவன் எழுதினான்: “சாம்பாரில் வெங்காயத்தைக் காணோம். செயலர் அறையில் இருக்குமோ?”

நகைச்சுவை என்று எண்ணியே எழுதினான். படித்தவர்களும் நகைத்தனர். களவுப் பழியைச் சிரிப்பில் பொதிந்து கொடுப்பது இளமையில் எளிது.

அன்றிரவு செயலர் அவன் அறைக்கு வந்தார். அவன் எழுந்து நின்றான். அவர் சினந்தாரில்லை. “தம்பி, நாளை விடியற்காலம் மூன்று மணிக்குச் சந்தைக்குப் போகிறோம். கூட ஓர் ஆள் வேண்டும், நீ வா” என்றார். மறுக்க அவனுக்கு நாவெழவில்லை.

சென்னையின் காய்கறி வாணிகம் முன்பு கொத்தவால் சாவடியின் குறுகிய தெருக்களில் நடந்தது. 1996இல் கோயம்பேட்டுச் சந்தை திறக்கப்பெற்றபின் அங்கு மாறியது. ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் இடம் அது. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி வந்து இறங்கும். நாசிக்கிலிருந்து வெங்காய மூட்டைகள் வரும். தலையில் மூட்டை சுமந்தோர் “ஓரம், ஓரம்” என்று கூவி விரைவர். கீழே இலையும் சேறும். முதலாண்டு மாணவன் இருமுறை வழுக்கினான். செயலரோ ஒவ்வொரு கடையிலும் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அழுகிய மூட்டை கற்பித்த பாடம் அது போலும்! ஒரு கடைக்கும் மறுகடைக்கும் கிலோவிற்கு மூன்று ரூபாய் வேறுபாடு என்று மூன்று முறை சந்தையைச் சுற்றினார்.

பேரம் முடிந்து ரசீது எழுதும்போது கடைக்காரர் தலை நிமிராமலே, “இருநூறு கூட்டி எழுதட்டுமா தம்பி? டீச் செலவுக்கு ஆகுமே” என்றார். பகைமையால் கேட்டாரல்லர், பரிவாகவே கேட்டார்.

“கொடுத்ததை எழுதுங்கள் அண்ணாச்சி” என்றார் செயலர்.

அவ்வளவே. அவர் குரல் உயரவுமில்லை. அருகிலிருந்த முதலாண்டு மாணவனைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பின்னர்த் தம் சொந்தக் காசில் இருவருக்கும் தேநீர் வாங்கினார். அத்தேநீரை அவன் நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தான். விடுதிக்குத் திரும்பியதும் குறை எழுதும் ஏட்டைத் தேடிச் சென்று தான் எழுதிய வரியை அடித்தான். அடித்தும் அது படிக்கக்கூடியதாகவே இருந்தது.

அன்று முதல் மாலை வேளைகளில் அவன் களஞ்சிய அறைக்குச் செல்லலானான். அங்குச் செயலர் மறுநாளைக்குரிய பொருள்களை நிறுத்துக் கொடுப்பார். நேற்றைய இருப்பு, இன்றைய வரவு, கொடுத்தது, எஞ்சியது என நான்கு கட்டங்கள் ஏட்டில் உண்டு. தலைமைச் சமையற்காரர்க்கு இந்த ஏட்டின்மேல் மதிப்பில்லை. அவர் கையே தராசு. “கண்ணால் பார்த்தால் தெரியாதா தம்பி?” என்பார். “தெரியும் அண்ணே; எனக்குத்தான் தெரியாது” என்று செயலர் எண்ணெயை நிறுப்பார். மணிமேகலைக்குக் கிடைத்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது; உணவுச் செயலர்க்குக் கிடைப்பதோ எடுக்க எடுக்கக் குறையும் அரிசி மூட்டை. ஆதலின் அவர்க்குத் தராசு வேண்டியதாயிற்று.

அவர்பால் குறையில்லை என்பதற்கில்லை. அத்திங்களில் நடந்த உள்தேர்வில் அவர் மதிப்பெண் மிகத் தாழ்ந்தது. துணைச் செயலர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு வாரம் சாவியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தாம் இல்லையேல் அடுப்பு எரியாது என எண்ணுவது பொறுப்புடையோர் பலர்க்கும் உள்ள மயக்கம். படிக்க வந்தவன் படிப்பை இழந்து பிறர்க்குச் சோறிடுதல் தக்கதன்று. இதனை விடுதிக் காப்பாளரும் அவரிடம் கண்டித்துக் கூறினார்.

திங்கள் இறுதியில் கணக்கு முடிக்க முதலாண்டு மாணவனும் உடன் அமர்ந்தான். விருந்தினர் பதிவேட்டைப் பார்த்துவந்த செயலர் ஓரிடத்தில் எழுதுகோலை நிறுத்தினார். அவருடைய நெருங்கிய நண்பர் தம் தம்பியை மூன்று நாள் அழைத்து வந்து தங்க வைத்திருந்தார். ஒன்பது வேளை உணவு. பதிவேட்டில் ஒரு வேளையும் இல்லை. செயலர் நண்பரின் அறைக்குச் சென்றார்; சிறிது நேரத்தில் திரும்பி வந்து, ஒன்பது வேளையையும் நண்பர் பெயரில் எழுதினார். அந்நண்பர் பணத்தைக் கட்டினார். ஆனால் அதன்பின் உணவுக்கூடத்தில் வேறு மேசையில் அமர்ந்து உண்ணத் தொடங்கினார். முன்பு இருவரும் ஒரே தட்டில் அப்பளம் உடைத்து உண்டவர்கள்.

வெங்காயக் கணக்கிற்கு வந்தபோது முதலாண்டு மாணவன் ஒன்று கண்டான். அழுகியது போக எஞ்சிய 150 கிலோவும் கிலோ 60 ரூபாய்க்கு வாங்கியது. அது செலவான நாள்களில் சந்தை விலை 120. அவ்வகையில் விடுதிக்கு 9,000 ரூபாய் மிச்சம்; இழப்போ 3,000 மட்டும்.

“அண்ணா, இதைப் பலகையில் எழுதியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்களே! ஏன் எழுதவில்லை?” என்றான்.

செயலர் கூட்டலை விட்டு நிமிராமல் கூறினார்: “விலை ஏறியதால் மிச்சமாயிற்று. அதை நான் ஏற்றவில்லை. மூட்டையைச் சுவரோரம் போட்டவன் நான்.”

அவன் வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தான். பழையபடி நாளுக்குப் பதினைந்து கிலோ போட்டிருந்தால், 30 ரூபாய் விற்ற நாளினும் 1,350 ரூபாய் கூடுதல். தலைக்கு நாளொன்றுக்கு ஏழரை ரூபாய், திங்களுக்கு 225. ஐந்து கிலோவாகக் குறைத்தமையால் கூடுதல் நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு ரூபாயும் இல்லை. அந்த 225 ரூபாய் எத்தனை படி மணிலாக்கொட்டை என்று அவன் மனம் ஊர்க்கணக்கில் எண்ணிற்று. கட்டணச் சீட்டு வந்தபோது அவன் அதனை உணவுக்கூடத்திலேயே பிரித்தான்.

அவ்விடுதியில் செயலர் ஓராண்டு இருப்பினும், உடனிருந்து பார்க்கும் உறுப்பினர் திங்கள்தோறும் மாறுவர். 2020 சனவரித் திங்களுக்கு முதலாண்டின் சார்பில் யார் என்று கேட்டபோது எவரும் கை தூக்கவில்லை. அவன் தூக்கினான். செயலர் அவனிடம் கொடுத்தவை மூன்று: களஞ்சிய அறையின் சாவி, நான்கு கட்டமிட்ட ஏடு, முனை மழுங்கிய பென்சில்.

“இனி மாலையில் நீ நிறுத்துக் கொடு. எனக்கு வரும் வாரம் தேர்வு” என்றார்.

அன்று மாலை அவன் களஞ்சிய அறையைத் திறந்து முதலில் சுவரோரம் சென்று மூட்டைகளின் அடியைத் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தன. தலைமைச் சமையற்காரர் பெரிய அரிசிப் பாத்திரத்துடன் வாயிலில் வந்து நின்றார். புதியவனை மேலும் கீழும் நோக்கினார்.

“தம்பி, நாளைக்கு எத்தனை பேர்?”

பொங்கலுக்கு ஊர் செல்வோர் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தனர். சொல்லிச் சென்றோர் சிலர். சொல்லாது சென்றோர் பலர். “சற்று இருங்கள் அண்ணே” என்று கூறி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அவன் அறை அறையாக எண்ணப் புறப்பட்டான்.