பெரியண்ணனும் சின்னண்ணனும்

பனியன் கம்பெனியில் புதிதாக வருகிற பையனை யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பதில்லை. ஒரு டெய்லர் பக்கத்தில் கைமடியாக நிறுத்துவோம். அவர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து அடுக்க வேண்டும், நூல் வெட்ட வேண்டும். டீ டைமில் மெஷின் காலியாக இருந்தால் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பான். சில மாதத்தில் அவனும் டெய்லர். 31 வருடம் இதைத்தான் பார்த்தேன். ஆனால் சபையில் ஒரு பையனுக்கு வழிகாட்டும் பொறுப்பு வந்தபோது இதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

நான் ரிட்டயர் ஆகித் திருமுருகன்பூண்டியில் வீட்டோடு இருக்க ஆரம்பித்த சமயம். ஜார்க்கண்ட் கும்லா பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தான். 20 வயது இருக்கும். செக்கிங் செக்‌ஷனில் வேலை. தமிழ் அரைகுறை.

"ஐயா, இந்தத் தம்பியக் கொஞ்சம் பாத்துக்குங்க. விசுவாசத்துல வளரணும்" என்றார் போதகர்.

சீஷத்துவம் என்று எங்கள் சபைகளில் ஒரு சொல் உண்டு. மூத்த விசுவாசி ஒருவர் இளையவரைக் கூடவே வைத்து வளர்த்தெடுப்பது. நான் அதை டியூஷன் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் பேசுவேன். கம்பெனியில் கற்ற இந்தியையும் நடுவில் கலந்துகொள்வேன். அவன் "சரிங்ண்ணா, சரிங்ண்ணா" என்று தலையாட்டுவான். கிளம்பும்போது மதியச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக் கொடுப்போம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய டீ-சர்ட்டும் கொடுத்திருக்கிறேன். உள்ளே கூப்பிட்டு இலை போட்டதில்லை. அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. கொடுக்கிறோமே என்ற திருப்தி.

எட்டு மாதம் கழித்து அவன் வருவது நின்றது. நான்கு வாரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் கோபத்தோடுதான் அவன் தங்கியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். சாயங்கால நேரம். வாசலிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே ஏழெட்டுப் பையன்கள் பாயில் உட்கார்ந்து அவர்கள் ஊர்ப் பேச்சான சாத்ரியில் பாடிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் குடத்தில் தாளம். ஜெபம் நடத்திக்கொண்டிருந்தவன் நம் பையன்.

என்னைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். ஜெபம் முடிந்து சோறும் கீரையும் தட்டில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே குடும்பத்தைப் பற்றி முதல் தடவையாகக் கேட்டேன். அவனுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவக் குடும்பமாம். பாட்டி ஊர்ச் சபையில் ஜெபம் நடத்துகிறவராம். ஜெர்மனியிலிருந்து காஸ்னர் மிஷன்காரர்கள் 1845ல் ராஞ்சிக்கு வந்ததையும், 1850ல் ஓராவோன் மக்கள் நான்கு பேர் ஞானஸ்நானம் பெற்றதையும், 1919ல் அந்தச் சபை தன்னாட்சி பெற்றதையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். என் அப்பா ஞானஸ்நானம் எடுத்ததே 1958ல். நான் 'வளர்க்க' நினைத்த பையன் விசுவாசத்தில் எனக்கு மூத்த வீட்டுக்காரன்!

"ஏன் தம்பி வரதில்ல?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அண்ணா, நீங்க நல்லா சொல்றீங்க. என்னய ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வெள்ளாளன்விளைக்காரர் அசரியா ஞாபகத்துக்கு வந்தார். 1912ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன் நின்று பேசினார். பொருளும் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். கூட வேலை செய்கிற இந்தியனோடு உட்கார்ந்து சாப்பிடாத மிஷனரிகள் அன்று உண்டு. அந்தப் பேச்சை வாலிபர் கூட்டங்களில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதில் வெள்ளைக்காரன் இடத்தில் நான் இருப்பேன் என்று நினைத்ததே இல்லை.

கூடவே திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமமும் நினைவுக்கு வந்தது. வருடங்களுக்கு முன் ஒருமுறை போயிருக்கிறேன். நம் கோயில்களைப் போலவே கல்லில் எழுப்பிய ஜெபாலயம். பூண்டியில் உளிச் சத்தம் கேட்டே வளர்ந்த எனக்கு அந்தக் கல்வேலையை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. டாக்டர் சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து 1921ல் தொடங்கியது அந்த ஆசிரமம். பேட்டன் நம்ம தொழில்காரர் என்றும் சொல்லலாம்! அலோவா என்ற ஊரில் பெரிய கம்பளி நூல் மில் வைத்திருந்த குடும்பம். ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு 'பேட்டன்ஸ்' நூல் இன்றும் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை கதர் கட்டி, கல்யாணம் செய்யாமல், நம் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1932ல் சென்னையில் மறியல் நேரத்தில் கதரோடு நின்றவரைப் போலீஸ் அடித்தது. விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது.

இதையெல்லாம்விட என்னைத் தொட்டது அவர்களைக் கூப்பிட்ட பெயர்தான். இயேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரன் எங்கே போனாலும் துரையாக இருந்த காலம். பணமும் நிறமும் அதிகாரமும் இருந்தும் ஒருவர் ஒரு தமிழருக்குத் தம்பியானார். வேறு மொழிக்காரனுக்கு வழிகாட்ட நினைக்கிறவன் முதலில் அவனிடம் இளையவனாக இருக்கப் பழக வேண்டும். திண்ணையில் நான் உட்கார்ந்தது துரையின் நாற்காலியில்.

அடுத்த வாரம் அவனையும் கூட்டாளிகளையும் வீட்டுக்குள் கூப்பிட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்புறம் ஒரு ஞாயிறு எங்கள் வீடு, ஒரு ஞாயிறு அவர்கள் ரூம் என்று வழக்கமானது. நான் அவனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவன் எனக்கு இரண்டு சாத்ரிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தான். என் உச்சரிப்புக்குப் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வருடம் எனக்குக் கண் ஆபரேஷன். சில நாள் வேதம் வாசிக்க முடியவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்து அவன் வந்து தமிழில் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒரு அதிகாரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஓரிடத்தில் திருத்த வாயெடுத்தேன். கைமடி பேசக்கூடாது, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.