யேல் குடும்பத்தின் சென்னைக் கல்லறை

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி, முன்பு சட்டக் கல்லூரி இருந்த வளாகத்தில், கூர்நுனியோடு ஒரு பழைய தூபி நிற்கிறது. அதன் கீழே இருவர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரியாக இருந்து, 1680 மே மாதத்தில் இறந்தவர். இன்னொருவர் டேவிட் யேல் என்ற சிறுவன். 1688 ஜனவரி 25 அன்று, நான்கு வயதளவில் இறந்து போனான். அவனுடைய தந்தை எலிஹு யேல் அப்போது புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு வைத்திருப்பது இவருடைய பெயரைத்தான்.

இந்த இருவரையும் ஒரே கல்லறையில் சேர்த்தவர் கேத்தரின். ஹின்மர்ஸின் மனைவியாக இருந்த அவர், கணவர் இறந்து ஆறு மாதம் முடிவதற்குள், 1680 நவம்பர் 4 அன்று, எலிஹுவை மணந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் அதற்கு ஒரு வாரம் முன்புதான் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டிருந்தது. அங்கே நடந்த முதல் திருமணம் இது. பிறகு மகன் இறந்தபோது, முதல் கணவரின் கல்லறையிலேயே அவனுக்கும் இடம் தந்தார்கள்.

இந்த யேல்கள் யார் என்று தேடிப் போனால், முதலில் வேல்ஸ் நாட்டின் வடகிழக்குப் பகுதிக்குப் போக வேண்டும். ரெக்ஸம் நகரை அடுத்த அந்த மலைப்பகுதிதான் குடும்பத்தின் பூர்விகம். அங்கிருந்து பாதை அட்லாண்டிக்கைக் கடக்கிறது. எலிஹுவின் பாட்டி ஆன், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். கணவர் தாமஸ் யேல் 1619இல் இறந்ததும், டேவிட், ஆன், தாமஸ் என்ற மூன்று பிள்ளைகளோடு தியோஃபிலஸ் ஈட்டன் என்ற வணிகரை அவர் மறுமணம் செய்துகொண்டார். 1637இல் ஈட்டன் குடும்பம் ஹெக்டர் என்ற கப்பலில் பாஸ்டனில் போய் இறங்கியது. மறு ஆண்டே குவினிபியாக் மக்களின் நிலத்தில் நியூ ஹேவன் குடியிருப்பை நிறுவினார்கள். அதே 1638இல் போட்ட ஒப்பந்தம் அந்த மண்ணின் மக்களைத் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுக்கிவிட்டது. நியூ ஹேவனின் முதல் ஆளுநர் ஈட்டன்தான்.

காலனி நிறுவியவர்களின் வம்சவரலாறு என்றால் ஆண்களின் பதவிப் பட்டியல் என்றே பலரும் நினைக்கிறார்கள். யேல் குடும்பத்தில் என்னை நிறுத்தி வைப்பவர்கள் பெண்கள். ஆளுநரின் மனைவி ஆன் ஈட்டன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று நம்பத் தொடங்கினார். தேவாலயத்தில் ஞானஸ்நானச் சடங்கு தொடங்கும்போது எழுந்து வெளியே போனார். விசாரணை நடந்தது. மாமியாரை அறைந்தார், மூத்தாள் மகளை வதைத்தார் என்று வீட்டுச் சண்டைகளும் குற்றச்சாட்டுகளாக அடுக்கப்பட்டன. 1645இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். கணவர் காலனியின் தலைவராக இருந்தும் அவரைக் காக்கவில்லை. சபையின் ஆவணங்களில் இந்த விசாரணை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் பிடிவாதத்தை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் ஆவணங்கள் அரிது.

அவருடைய மகள் ஆன், கனெக்டிகட் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸை மணந்தவர். நிறையப் படித்தவர், நிறைய எழுதியவர். அவருக்கு மனநோய் வந்தபோது, மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் விந்த்ராப் தம் நாட்குறிப்பில் அதற்குக் காரணமும் எழுதிவைத்தார்: வீட்டு வேலையைக் கவனிக்காமல் படிப்பிலும் எழுத்திலும் மூழ்கியதால்தான் புத்தி பேதலித்ததாம். அந்தப் பெண் எழுதியவை எதுவும் நம் கைக்கு வரவில்லை. அவரைப் பற்றி ஓர் ஆண் எழுதிய பத்திதான் மிஞ்சியிருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆன் ஈட்டனின் மூத்த மகன் டேவிட்டுக்கும் அந்தச் சமூகத்தோடு ஒத்துப்போகவில்லை. பாஸ்டனில் வணிகம் செய்துவந்த அவர், திருச்சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று 1646இல் ராபர்ட் சைல்ட் கொடுத்த மனுவில் கையெழுத்திட்டார். மனு போட்டவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1649 ஏப்ரலில் அவருக்கு எலிஹு பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயதளவில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. எலிஹு அதன்பின் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. டேவிட்டின் தம்பி தாமஸ் மட்டும் கனெக்டிகட்டில் தங்கினார். அமெரிக்க யேல்கள் அவருடைய வழியில் வந்தவர்கள்.

எலிஹு 1672இல் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1687இல் ஆளுநரானார். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது அவர் காலத்தில்தான். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராத்தியரிடமிருந்து கம்பெனிக்காக வாங்கியதும் அவர்தான். அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயர் என்று சிலரும், இறந்த மகனின் நினைவு என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு தகப்பன் மனத்தில் இரண்டும் இருந்திருக்கலாம்.

ஆனால் அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் குடும்பக் கதை பொய்யாகிவிடும். 1680களில் சோழமண்டலக் கரையில் கடும் பஞ்சம். பசியால் மனிதர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற காலம். கம்பெனி அந்த நிலையைப் பயன்படுத்தி அடிமைகளை வாங்கியது. ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டையின் ஆலோசனைக் குழு ஆணையிட்டது. அந்தக் கூட்டத்தில் யேலும் இருந்தார். ஆளுநரான பிறகு ஆணையை நடைமுறைப்படுத்தினார். 1687இல் ஒரே மாதத்தில் இந்தத் துறையிலிருந்து ஏற்றுமதியான அடிமைகள் குறைந்தது 665 பேர். பலர் போய்ச் சேர்ந்தது தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. டேவிட்டுக்கு ஒரு தூபி இருக்கிறது. அந்த 665 பேரில் எத்தனை குழந்தைகள் இருந்தார்களோ, அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

சிறுவன் டேவிட்டின் மரணம் எலிஹு யேலின் வாழ்க்கையைத் திருப்பியது என்று சொன்னால் மிகையாகாது. மூன்று மகள்கள் இருந்தும், பெயர் சொல்ல மகன் இல்லை. செல்வத்தோடு லண்டன் திரும்பியவர், கனெக்டிகட்டில் இருந்த தாமஸின் வழியில் ஒரு வாரிசைத் தேடினார். மாசசூசெட்ஸ் காலனியின் லண்டன் பிரதிநிதி ஜெரமையா டம்மர் 1711இல் இதைக் கனெக்டிகட்டுக்கு எழுதி, இவரிடம் அங்கிருந்த கல்லூரிக்கு நன்கொடை கேட்கலாம் என்ற யோசனையையும் கிளப்பினார். பாஸ்டன் மதபோதகர் காட்டன் மாதர் 1718 ஜனவரியில் நேரடியாகவே கடிதம் போட்டார். யேல் அனுப்பியது 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம், ஒன்பது பொதி சரக்கு. காலிகோ, மஸ்லின் போன்ற துணிகள் அந்தப் பொதிகளில் இருந்தன. சரக்கு 562 பவுனுக்கு விற்றது. 1701இல் தொடங்கிய கல்லூரி 1718இல் யேலின் பெயரைச் சூடிக்கொண்டது. 1721இல் இறந்த அவரை ரெக்ஸம் புனித கைல்ஸ் தேவாலய வளாகத்தில் புதைத்தார்கள்.

இனி, கற்களைப் பற்றி. சென்னையில் தூபி நிற்கும் இடம் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. 1758–59இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. பிற்பாடு ஆங்கிலேயர் இடுகாட்டைத் தரைமட்டமாக்கினார்கள். பெயர் பொறித்த கற்கள் புனித மேரி தேவாலயத்துக்குப் போய், அதைச் சுற்றித் தளமாகப் பாவப்பட்டன. எலும்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தப்பியவை இரண்டு கட்டுமானங்கள்தாம். ஒன்று இந்தத் தூபி, மற்றது பௌனி குடும்பத்தின் கல்லறை.

நியூ ஹேவனிலும் இதே கதை. ஊரின் நடுவே உள்ள பசும்புல் திடல்தான் முதல் குடியேறிகளின் இடுகாடு. 1821இல் கற்களை மட்டும் குரோவ் தெரு இடுகாட்டுக்கு மாற்றினார்கள், உடல்களை மாற்றவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அந்தத் திடலில் ஒரு பெரிய ஓக் மரத்தைச் சாய்த்தது. 1909இல் நட்ட மரம். வேர்களுக்குள் மனித எலும்புகள் சிக்கியிருந்தன. கல் போன இடத்தில் மனிதர் யாரென்று சொல்ல வழியில்லாமல் போகிறது. மனிதர் இல்லாத இடத்தில் கல் வெறும் அலங்காரமாகிறது. வம்சவரலாறு தேடுபவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்று தெரியும். சென்னைத் தூபிக்கு அந்தப் பேறு இன்னும் இருக்கிறது.

2023இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் இந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிட்டார். நீதிமன்றத்துக்கு வாகன நிறுத்தம் வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்ட முடியாது என்பது பின்னணி. தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தின் நெருக்கடி உண்மையானது. அடிமை வணிகம் செய்தவரின் மகனுக்கு ஏன் இடம் என்ற கோபமும் புரிகிறது. ஆனாலும் மாற்றக் கூடாது என்பதே என் முடிவு. ஆளுநருக்கு நாம் மரியாதை செய்ய வேண்டியதில்லை. அந்தக் கோட்டையின் கணக்கைக் கேட்க நமக்கு ஓர் இடம் வேண்டும், அது இங்கேதான் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகமே அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டிருக்கிறது. துணி போன ஊர் பேசத் தொடங்கிவிட்டது. ஆட்களைக் கப்பலேற்றிய ஊர் இன்னும் பேசவில்லை.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் அச்சு நூல்களாகவே வந்திருக்கின்றன. ஆர்வம் உள்ளவர்கள் 1687ஆம் ஆண்டிலிருந்து படிக்கத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அக்காலத்து ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது, அதனால் ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகள் முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். தொல்லியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். தூபியின் அருகே டேவிட் யேலின் கதையோடு, கப்பலுக்கு 10 பேர் என்ற ஆணையையும், ஒரே மாதத்தில் ஏற்றப்பட்ட 665 பேரின் கணக்கையும் சொல்லும் பலகை ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள்.