பனிக்கு மேல் தலைநீட்டும் பாறை

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் செல்வோர் அங்குள்ள கருங்கற் குன்றுகளைக் கண்டிருப்பார்கள். வெயிலில் காயும் அக்குன்றுகளுக்குத் தென் துருவத்தில் பந்துக்கள் உண்டென்றால் நம்மில் பலர் நகைப்போம். ஆயினும் அது உண்மையே.

அண்டார்ட்டிக் கண்டத்தை மூடிய பனிக்கட்டியின் சராசரி கனம் சுமார் 2 கிலோமீட்டர். வெள்ளத்தில் மூழ்கிய ஊரின் கோபுரக் கலசம்போல் சில சிகரங்கள் மட்டும் அதற்கு மேல் தலைநீட்டுகின்றன. கிரீன்லாந்துவாசிகளின் பாஷையில் இவற்றுக்கு 'நுனாடக்' என்று பெயர். கிழக்கு அண்டார்ட்டிகாவில் இவற்றுள் சில 'சார்னக்கைட்' என்னும் கல்லால் ஆனவை. ஸர் தாமஸ் ஹாலண்டு 1900-இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய நம் பல்லாவரத்துக் கல்லும் அதே இனத்ததுதான். இரண்டு நிலங்களும் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாயிருந்து பிரிந்தவை அல்லவா!

பாரத நாட்டார் 1983-84-இல் அங்கே பனித்தட்டின்மீது 'தக்ஷிண கங்கோத்ரி' நிலையத்தை அமைத்தனர். பனி அதை மெல்ல விழுங்கியது. 1990-இல் அதைக் கைவிட நேர்ந்தது. ஷிர்மாக்கர் பிரதேசத்துப் பாறைமீது 1989-இல் எழுந்த 'மைத்ரி'யோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று பணிபுரிந்திருக்கிறது. பனியை நம்பியது புதைந்தது. பாறையை நம்பியது நிலைத்தது.

நாமோ பல்லாவரம், திரிசூலம் குன்றுகளை ஜல்லிக்காக வெடிவைத்துக் குடைந்தோம். பனிக்கும் பணியாத கல் நம் பேராசைக்குப் பணிந்துவிட்டது. பரங்கிமலையில் இக்கல் தேசியப் புவியியல் சின்னமாகப் போற்றப்படுவது ஓர் ஆறுதல். மிஞ்சியதையேனும் நம் குழந்தைகளுக்குக் காட்டி, அதன் வம்ச வரலாற்றைச் சொல்லி வைப்போமாக.