மீனுக்குள் மீன்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹேய்ஸ் நகரிலுள்ள ஸ்டேர்ன்பேர்க் நூதனசாலையில் ஓர் உயிர்ச்சுவடு இருக்கிறது. நான்கு மீற்றருக்கும் மேல் நீளமான மீன். அதன் விலா எலும்புகளுக்குள்ளே இன்னொரு மீன், முழுதாக. உள்ளே இருப்பதே ஏறத்தாழ 1.8 மீற்றர், எங்கள் வாப்பாவை விட நீளம்.

பெரியது சிபாக்டினஸ். உள்ளே கிடப்பது கிலிகஸ். 1952 இல் ஜோர்ஜ் ஸ்டேர்ன்பேர்க் தோண்டியெடுத்தது. இன்று கடலே இல்லாத கன்சாஸில் கடல் மீன் எப்படி? கிரெத்தேசியக் காலத்தில் வட அமெரிக்காவை நடுவே பிளந்துகொண்டு ஒரு கடல் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் அதன் அடியில் படிந்து, வெண்கட்டி போன்ற பாறையாயின. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேலாக இரண்டும் அந்த வெண்மைக்குள் இருந்தன.

கிலிகஸ் சமிபாடடையவே இல்லை. ஆகவே விழுங்கிய சற்று நேரத்திலேயே பெரிய மீன் இறந்திருக்க வேண்டும். உள்ளே துடித்த இரை அதன் உள்ளுறுப்பைக் கிழித்திருக்கலாம் என்கிறார்கள்.

பெருநாளன்று இந்தப் படத்தை வீட்டில் காட்டினேன். வந்திருந்த உறவினர் ஒருவர், "பாத்தியா, அளவுக்கு மீறி ஆசப்பட்டா இதுதான் கதி" என்றார். உயர்தரம் முடித்து, விலங்கியல் படிக்கப் பேராதனைக்குப் போக நான் நினைப்பதும் அதே போல அகலக் கால்தானாம். பெரியவர்கள் இருந்த சபை, நான் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

அந்த மீனுக்குப் பேராசை கிடையாது. அதன் நீண்ட பற்கள் கௌவிப் பிடிப்பதற்கானவை, மெல்லுவதற்கல்ல. பிடித்ததை முழுதாக விழுங்குவதுதான் அதன் சாப்பாட்டு முறை. வயிற்றில் பெரிய இரையோடு குறைந்தது ஒரு டசின் சிபாக்டினஸ்கள் கிடைத்துள்ளன. சிலவற்றில் இரை பாதி சமித்திருக்கிறது. அதாவது, விழுங்கிய பிறகும் அவை உயிரோடு நீந்தியிருக்கின்றன. அவற்றின் படத்தை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை! 1870 இல் ஜோசப் லெய்டி இந்த மீனுக்குச் சிபாக்டினஸ் ஓடாக்ஸ் என்று பெயர் வைத்தார். 'ஓடாக்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் துணிச்சல் மிக்கது என்று பொருள்.

எல்லோரும் போன பிறகு உம்மா கேட்டார்: "உள்ளுக்குள்ள இருக்கிற மீனப் பத்தி ஒருத்தரும் ஒண்டும் சொல்லலியே?"

கிலிகஸும் அதே வரிசையைச் சேர்ந்த மீன்தான். அதன் பற்கள் மிகச் சிறியவை. சின்னச் சின்ன இரைகளைத் தின்றே வாப்பாவை விட நீளமாக வளர்ந்திருந்தது.